மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கோடை

சென்னைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் வாடகை, டிராஃபிக், தண்ணீர் லாரி என்று மூன்று விஷயத்தைச் சொல்லி அனுப்புவார்கள். எனக்கும் சொன்னார்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஒரு தனி ஆள் இங்கே உடம்பையும் வீட்டையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. 2023 கோடையில் அதை நானே பணம் கட்டிப் படித்தேன். கூட்டிப் பார்த்தால் 28,500 ரூபாய், சம்பளம் போன நான்கு நாள், அப்புறம் வெளியே சொல்லக் கூசிய ஒரு தோல் வியாதி. கூச்சப்பட்டுக்கொண்டு எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, அதனால் அதுவும் கீழே வருகிறது.

எனக்கு ஊர் தென்காசி. எங்கள் பக்கமும் வெயில் அடிக்கும். ஆனால் ஜூன் பிறந்தால் மலையிலிருந்து காற்று இறங்கும், குற்றாலத்தில் சாரல் விழும், சட்டைக்குள் லேசாகக் குளிரும். மழை என்றால் குளிர்ச்சி என்பதுதான் நான் அறிந்த மழை. சென்னையில் எனக்குக் கிடைத்தது, மருத்துவமனை லேப்களில் இருக்கும் ரத்தப் பரிசோதனை மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கும் வேலை. நாள் முழுக்க ஸ்கூட்டரில் சுற்ற வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மடிப்பாக்கத்தில் வீடு பார்த்தேன். இரண்டாவது மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடி. ஒரு ரூம், ஒரு சமையலறை, வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. "டாப் ஃப்ளோர் தம்பி, காத்து பிச்சிக்கும்" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. மார்ச் மாதக் காலை பத்து மணிக்குக் காற்று வரத்தான் செய்தது.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. வெளியே காற்று கொஞ்சம் ஆறியிருந்தது, உள்ளே ஆறவில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க நம் தலையில் இறக்கும். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும். என் ரூமுக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. ஃபேனைப் போட்டால் மேலே தேங்கியிருக்கும் சூடு நேரே மார்பில் இறங்கும். வீடு பார்க்கும்போது எல்லாரும் தண்ணீர் வருமா, பைக் நிறுத்தலாமா என்று கேட்கிறோம். தளத்தின் மேல் ஓடு பதித்திருக்கிறதா, வெள்ளை பெயிண்டாவது அடித்திருக்கிறதா, மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் மறைக்கிற மாதிரி கட்டிடமோ மரமோ இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். பின்னால் மே மாதத்தில் ஓனர் அம்மாவைக் கெஞ்சி, என் ரூமுக்கு மேலே வரும் பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு குடம் தண்ணீரும் தெளித்தேன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தூக்கம் ஒரு மணிக்குப் பதிலாகப் பதினொன்றரைக்கு வந்தது.

சுண்ணாம்புக்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 8,500 ரூபாய்க்கு ஏர் கூலர் வாங்கினேன். மதுரையில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் கூலர் ஜம்மென்று வேலை செய்யும், அதை நம்பித்தான் வாங்கினேன். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். சென்னைக் காற்றில் கடல் ஈரம் ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறது, அது இன்னும் எவ்வளவு தண்ணீரைத்தான் வாங்கும்? முதல் ராத்திரி அரை மணி நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் ரூம் முழுக்கப் பிசுபிசுப்பு, தலையணை ஈரம், காலையில் டைல்ஸில் நடந்தால் கால் ஒட்டியது. பத்தாவது நாள் மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு, மே முதல் தேதியிலிருந்து மாதம் 1,700 ரூபாய் வாடகைக்கு ஒரு ஏசி எடுத்தேன். மாட்டுவதற்கு 1,500 தனி. தனியாக இருந்துகொண்டு, அடுத்த வருடம் எந்த வீட்டில் இருப்போம் என்றே தெரியாதவர்களுக்கு ஏசியை வாடகைக்கு எடுப்பதே மேல். வீட்டுக்குத் தனி இ.பி. மீட்டர் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிக்கிற வீட்டில் அரசு தரும் இலவச யூனிட் என்பதெல்லாம் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. தனி மீட்டர் இருந்தாலும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. தாண்டினால் முதலில் வரும் யூனிட்டுகளுக்கு இருந்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். நான் ஏசியை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டேன். 20-ல் வைத்ததைவிட நன்றாகத் தூங்கினேன்.

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் இறங்கிவிடும் என்று நம்புவது இன்னொரு தப்பு. சென்னையில் வெயிலை அடக்குவது கடல்காற்று. மத்தியானம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு அது உள்ளே வந்துவிட்டால் 36, 37 டிகிரியோடு பிழைத்தோம். மே கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வரும் காற்று பலமாகிவிடும். அது கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்திவிட்டால் மூன்று, நான்கு மணிவரை ஊர் வேகும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே மாதக் கடைசியில்தான், ஏப்ரலில் இல்லை. இது தெரியாமல், மே கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பாரிமுனையில் ஒரு லேபை முடித்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன்.

தண்ணீர் குடிக்காமல் இல்லை. அன்றைக்கு மட்டும் நாலு லிட்டர் குடித்திருப்பேன், எல்லாம் வெறும் தண்ணீர். காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி. வேலையை முடித்துத் திரும்பும்போது பாடி மேம்பாலத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கோயம்பேடு தாண்டும்போது தலைவலி. கத்திப்பாராவில் எதிரே வரும் பஸ்ஸின் நம்பர் இரண்டாகத் தெரிந்தது. அங்கேயே வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்ற ஒரே நினைப்பில் ஓட்டினேன். மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி, கதவைத் திறந்து, நேராக பாத்ரூமில் வாந்தி. குளிரலாம் என்று குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர். மொட்டை மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, மணி மூன்று, வேறு எப்படி வரும்? கை சுட்டு, குழாயை மூடிவிட்டு, அந்த ஈரத் தரையிலேயே படுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. செத்துப்போனால் ஓனர் அம்மா வாடகைக்காகக் கதவைத் தட்டும் ஐந்தாம் தேதிவரை யாருக்கும் தெரியாது என்று யோசித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு போன் செய்யவில்லை. செய்தால் அடுத்த பொதிகை ரயிலில் ஏறிவிடுவாள்.

அன்றைக்குப் பிழைத்தது தற்செயல். ஃப்ரிட்ஜில் அரை லிட்டர் மோர் இருந்தது. உப்பைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன், ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்த டாக்டர் சொன்னது: வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக, அதன் மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்) கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் போடக் கூடாது. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. நான் அதற்கு முன்னால் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது அட்டை டப்பாவில் வரும் பழச்சுவை பானம், பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். 2025 அக்டோபரில்தான் அந்த மாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. இப்போது நான் வெயில் நாட்களில் காலை ஒன்பதரைக்கே ரோட்டோரத்தில் கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, மோர் மிளகாய், சின்ன வெங்காயத்தோடு முடித்துவிடுகிறேன். உப்பு, தண்ணீர், வயிற்றுக்குச் சோறு மூன்றும் ஆயிற்று. காலையிலேயே இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து பாத்ரூமில் மூடி வைக்கிறேன். கீழ் வீட்டில் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். பேச்சு குழறினாலோ, ஆள் சுயநினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ மோர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள், 108-க்கு அடியுங்கள்.

இனி அந்தக் கூசும் விஷயம். முதலில் முதுகில் வேர்க்குரு. டப்பா டப்பாவாக பவுடர் கொட்டினேன். வியர்வையில் அது மாவாகக் குழைந்து, அடைத்த துவாரத்தை இன்னும் அடைத்தது. வேர்க்குருவாவது பரவாயில்லை. மே நடுவில் தொடை இடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. நாள் முழுக்க ஸ்கூட்டர் சீட், ஜீன்ஸ், வியர்வை, சரியாகக் காயாத உள்ளாடை. டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று மெடிக்கல் ஷாப்பில் மெல்லிய குரலில் கேட்டேன். அவரும் மெல்லிய குரலில் ஒரு ட்யூப் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. மறுபடி ட்யூப். இப்படி ஐந்து வாரம் ஓட்டினேன். வட்டம் வட்டமாக இடுப்புவரை ஏறிய பிறகு தோல் டாக்டரிடம் போனேன். அந்த ட்யூப்பைப் பார்த்துவிட்டு, "இதை யாருப்பா குடுத்தது?" என்றார். அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அடியில் படர்தாமரை சுகமாக வளரும். ஃபீஸ், மாத்திரை, சரியான க்ரீம், எல்லாம் சேர்த்து 4,000 ரூபாயும் இரண்டு மாதமும் ஆயின. முதல் வாரமே அவரிடம் போயிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். தோல் பளிச்சென்று ஆன பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை மருந்து போட வேண்டும். சாயங்காலம் வந்ததும் குளித்து, இடுக்கெல்லாம் துடைத்து, தளர்வான பருத்தி வேட்டிக்கு மாறிவிட வேண்டும். துண்டை யாரோடும் பங்குபோடக் கூடாது. டாக்டர்கள் தினமும் இதைத்தான் பார்க்கிறார்கள், நம் ஒருவருக்குத்தான் இது வந்தது என்று நினைப்பது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வினை.

அந்த வருடம் வெயில் தணியாததால் பள்ளிக்கூடம் திறப்பதையே ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு பிடித்த மழை விடிய விடியக் கொட்டியது. மீனம்பாக்கத்தில் மட்டும் 15 சென்டிமீட்டருக்கு மேல். நான் செய்த முதல் காரியம், மொட்டை மாடியில் போய் நனைந்தது. இத்தனையிலும் சந்தோஷம் என்று சொன்னால் அன்றைய சந்தோஷம்தான். அம்மாவுக்கு போன் செய்தேன். "ஏல, அங்க மழையாம்லா, சாரல் மாதிரி இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

கீழே இறங்கி வந்தால் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மாத வெயிலில் தளத்தில் விட்டிருந்த மயிரிழைக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. பஞ்சு மெத்தை, 4,500 ரூபாய், நனைந்து ஊறிப்போனது. அதைக் காய வைக்கிற வெயில் அப்புறம் ஒரு வாரம் வரவில்லை, தூக்கிப்போட்டேன். அண்ணாந்து பார்த்தபோதுதான் கவனித்தேன், அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதுசு. வீடு பார்க்கிறவர்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சளாக வரைபடம் போல் கறை இருந்தால் தெரிந்த எதிரி, ஒரு திட்டு மட்டும் புது வெள்ளையாக இருந்தால் ஒளிந்திருக்கும் எதிரி. சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் இறங்கினால் மெயினை அணைத்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

திங்கட்கிழமை காலை பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், எனக்கு விடவில்லை. தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். மடிப்பாக்கம், வேளச்சேரி எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. தண்ணீர் தன் பழைய வழியில் அங்கே போகப் பார்க்கிறது, வழியில் நாம் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறோம். முன்னால் ஒரு ஆட்டோ போனது, அதுவே போகிறதே என்று நானும் விட்டேன். ஆட்டோ கிளப்பிய அலை ஸ்கூட்டரின் சைலன்ஸருக்கு மேல் ஏறியது, வண்டி நின்றது. செல்ஃப் அடித்தேன். மறுபடி அடித்தேன். கிக்கரை உதைத்தேன். மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "எத்தினி வாட்டி சார் செல்ஃப் அடிச்சீங்க?" ஏழெட்டு தடவை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே ஆயில் போல்ட்டைக் கழற்றினார். பால் அதிகமான டீ மாதிரி வெளுத்த ஒன்று சட்டியில் வழிந்தது. தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரோடு மோதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. 7,400 ரூபாய். இன்ஷூரன்ஸில் கேட்டேன், இன்ஜினுக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் என்றார்கள். தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு போய், ஆயிலை மாற்றி, பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். அப்படிச் செய்திருந்தால் ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார் மெக்கானிக். தள்ளும்போது ரோட்டோர மின்பெட்டிகளிலிருந்து விலகியே போங்கள். தண்ணீர் தேங்கினால் மாநகராட்சிக்கு 1913, மின்சாரப் பிரச்சினைக்கு மின்னகம் 94987 94987. இரண்டையும் மழைக்கு முன்பே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறுநாள்தான் தென்காசிக்கும் சென்னைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முழுசாக உறைத்தது. பத்து மணிக்கு வெயில் வந்தது. ஈரத் தெருவிலிருந்து ஆவி கிளம்பியது. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருக்கிற புழுக்கம். அப்புறம் ஜூன், ஜூலை முழுக்க இதே கதைதான்: பகலில் வேகும், மேற்கே காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மேகம் திரளும், ராத்திரி இடியோடு ஊருக்குள் வந்து கொட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வானிலைத் துறையின் ரேடார் படத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். மேற்கில் மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் கொடியில் துணி போட்டுவிட்டுப் படுக்காதீர்கள், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பீரோவுக்குள் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூத்தது. சர்டிஃபிகேட் ஃபைலை நல்ல வேளையாகப் பார்த்துவிட்டேன், ஓரம் மட்டும்தான் போனது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்குள். ஏசி வைத்திருப்பவர்கள் அதை டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓட விட்டால் ரூமிலிருக்கும் ஈரம் இறங்கிவிடும், செலவும் குறைவு.

இன்னொன்று. கொசு மருந்து ஆட்கள் ஜூலையில் வீடு வீடாக வந்தார்கள். என் வீட்டில் தேங்கிய தண்ணீரே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அந்த அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக மூலையிலிருந்த கூலரிடம் போய், தொட்டியில் வெளிச்சம் அடித்தார். அடியில் ஒரு விரல் ஆழம் தண்ணீர். அதில் கமா மாதிரி வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன. "டெங்குவை நீங்களே வளக்கறீங்க தம்பி" என்றார். அன்றைக்கே கூலரை 2,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்தேன். பெயிண்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள், அது மேலே சொன்ன கணக்கில் சேராது. கூரை ஒழுகியதற்கு யார் பெயிண்ட் காசு தர வேண்டும் என்று கேட்கத் தெம்பில்லை. அடுத்த வீட்டை நங்கநல்லூரில் புரோக்கர் காட்டினார். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பார்க்க வருவேன் என்றதும் அவருக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. முதல் மாடி, மேலே இன்னொரு மாடி, மேற்குப் பக்கம் ஒட்டினாற்போல் பக்கத்துக் கட்டிடம். ஓனர் ரிட்டயர்டு ஆசிரியர். நான் படுக்கையறைக்குள் போய், கூரையை அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றேன்.

"என்னப்பா, சுவர்ல என்ன தேடற?"

"சூடு இருக்கான்னு பார்க்கிறேன் சார்."

அவரும் பக்கத்தில் வந்து கையை வைத்துப் பார்த்தார். "அதை நீ மேல் வீட்டுக்காரனைத்தான் கேக்கணும்" என்றார்.